திருச்சியிலிருந்து பலாலிக்கு ஐம்பத்தைந்து நிமிடம்

ஐம்பத்தைந்து நிமிடம் என்று அந்த விமானப் பணிப்பெண் ஒலிபெருக்கியில் சொன்னாள். தமிழில் ஒருமுறை, இங்கிலிஷில் ஒருமுறை. இரண்டையும் கவனித்துக் கேட்டேன், இரண்டிலும் அதே ஐம்பத்தைந்துதான். போதும். ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடமே தாராளம். மிச்சம் ஐம்பதும் நான் தைரியம் சேர்த்துக்கொள்ள. கைக்கடிகாரத்தில் ஒன்று நாற்பது. இரண்டு முப்பத்தைந்துக்கு இறங்கிவிடும். அதற்குள் நிரோஜினியிடம் சொல்லியாக வேண்டும், நான் உன்னைப் பெற்றவள் இல்லை, உன்னைப் பெற்றவள் பலாலி விமான நிலைய வாசலில் காலையிலிருந்து நிற்கிறாள் என்று. இன்று சொல்லத்தான் போகிறேன். இதற்கு முன்னும் இப்படி முடிவு எடுத்திருக்கிறேன், அது வேறு. அப்போதெல்லாம் பின்வாங்கத் தரை இருந்தது. இப்போது ஜன்னல் பக்கம் அவள், நடைபாதைப் பக்கம் நான், இடுப்பில் வார். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று தப்ப இங்கே அடுப்பு இல்லை. அவள் என் வாரைச் சரிபார்க்கக் குனிந்தாள். இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டாள். முப்பத்தேழு வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினான்கு வருட வேலையை ஒரு கடிதத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்டபோது, "நீங்க போனப்புறம் நான் மட்டும் இங்க இருந்து என்னம்மா பண்றது" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அந்த அம்மாவை நம்பித்தான் வந்திருக்கிறாள். அந்த அம்மா நான்தான், அதே சமயம் நான் இல்லை.

இறக்கை விசிறி இரண்டும் சுழல ஆரம்பித்ததும் இருக்கை முழுக்க அதிர்ந்தது. சின்ன விமானம். இதை அடியிலிருந்து முப்பத்தைந்து வருடம் பார்த்தவள் நான், எங்கள் அகதி முகாம் திருச்சி விமான நிலையத்தை ஒட்டித்தானே இருக்கிறது. சத்தத்தை வைத்தே இது சிங்கப்பூர் போகிறது, இது சென்னை போகிறது என்று கொடியில் துணி போட்டபடியே சொல்லிவிடுவேன். ஒருநாளும் ஏறவேண்டும் என்று ஆசைப்பட்டதில்லை. நான் பிறந்ததும் ஒரு விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான், அந்த வீட்டையும் காணியையும் பலாலி விமான நிலையம் எப்போதோ விழுங்கிவிட்டது. போகட்டும். ஊர், கிணறு, பனை என்று மூக்கைச் சிந்துகிற ஆள் நான் இல்லை. எனக்கு அங்கே வேலை ஒன்றுதான். நிரோ கைபேசியை அணைக்கும் முன் எதையோ தேடிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நூத்தி எண்பத்து நாலு கிலோமீட்டர்தாம்மா. ரோட்டுல கோயமுத்தூர் போறதே இதவிட தூரம். இதுக்குப் போயா நீங்க இத்தனை வருஷம் பயந்தீங்க?" என்றாள். நான் பயந்தது தூரத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதே தொடங்கலாம். நிரோ, ஒரு விசயம். இப்படித் தொடங்கினால் அவள் உடனே எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று நினைப்பாள். பிள்ளை, நான் ஒன்று சொல்ல வேணும். இதற்கும் அதே கதிதான். விமானம் ஓடி எழும்பியது. வயிறு கீழேயே நின்றுவிட்டது. சாய்ந்து திரும்பியபோது முகாமின் ஓட்டு வரிசைகளும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு கணம் தெரிந்து இறக்கைக்கு அடியில் போயின. நிரோ ஜன்னலில் நெற்றியை வைத்து அது மறையும் வரை பார்த்தாள். அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று ஐம்பத்தொன்று. வரிசையாக யோசிக்க வேண்டும். முதலில் அத்தான். அக்காவின் கணவர் சச்சிதானந்தம், தொண்ணூறாம் ஆண்டு சைக்கிளில் பாண் ரொட்டி வாங்கப் போனவர், வரவில்லை. அவரை விட்டுவிட்டு அக்கா படகு ஏறமாட்டேன் என்றாள். பிள்ளைக்கு இரண்டரை வயது, தலைக்கு மேலே ஓயாமல் குண்டு. "நீ இவளைக் கொண்டு போ கௌரி, அவரைத் தேடிப் பிடிச்சுக்கொண்டு நாலு நாளில வாறன்" என்று என் இடுப்பில் ஏற்றிவிட்டாள். எனக்கு இருபது வயது. கலியாணம் ஆகவில்லை. படகில் பதினொரு மணி நேரம். கரையில் இறங்கியதும் ஒரு மேசை, மேசையில் பெரிய பதிவுப் புத்தகம். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, "உங்கட பிள்ளையோ? இல்லாட்டியும் உங்கட எண்டே சொல்லுங்கோ. சொந்தக்காரப் பிள்ளையளைப் பிரிச்சு வேற இடத்துக்கு அனுப்புகினமாம்" என்றாள். அது உண்மையா வெறும் வதந்தியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேசையில் இருந்தவர் களைத்துப்போயிருந்தார். யாருடைய பிள்ளை என்றார். என்னுடையது என்றேன். தகப்பன் பெயர் என்றார். சச்சிதானந்தம் என்றேன், அது உண்மைதானே. அவர் அதை என் கணவர் பெயர் என்ற இடத்தில் எழுதினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு கோடு போட்டு அடித்திருப்பார். அவ்வளவுதான் வேலை. அந்த மேசையில் இன்னும் ஒன்று நடந்தது. அதை இப்போது நினைக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு வருவேன். வந்தே தீருவேன், ஆனால் பிறகு.

நாலு நாளில் வருகிறேன் என்றவளின் கடிதம் பதினோராவது மாதம் வந்தது. உயிரோடு இருக்கிறாள், அத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறாள், பிள்ளை சாப்பிடுகிறாளா என்று கேட்டிருந்தாள். அதற்குள் பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது. முகாமில் எல்லோருக்கும் நான் காணாமல் போனவரின் மனைவி. மாதம் ஒருமுறை பதிவு சரிபார்க்கிற நாள். எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் போய் நிற்க வேண்டும், பெயர் வாசிப்பார்கள். ஜெயகௌரி, கணவர் சச்சிதானந்தம், மகள் நிரோஜினி. நான் பிள்ளையின் கையைத் தூக்கிக் காட்டி, இருக்கிறம் என்பேன். கணக்குப் பார்த்தால் நானூற்று இருபது தடவை இருக்கும். ஒரு பொய்யை நானூற்று இருபது தடவை ஆளை நிறுத்தி வைத்துக் கேட்டால் அது பொய்யாகவே தெரியாது, வருகைப் பதிவு மாதிரி ஆகிவிடும். குலசிங்கம் என்று ஒருவர், கட்டட மேசன் வேலை, முகாமில் எங்கள் வீட்டு வரிசையிலேயே இருந்தவர். தொண்ணூற்றைந்தில் என்னிடம் நேரே வந்து, "அவர் இனி வரமாட்டார் எண்டு நினைக்கிறன். உங்களுக்குச் சம்மதமெண்டா நான் பாத்துக்கொள்ளுவன்" என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, எனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளவும் இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது. சம்மதம் சொல்ல வேண்டுமானால் சச்சிதானந்தம் என் கணவர் இல்லை, அத்தான் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பிள்ளை என்னுடையது இல்லை. ஒரு நூலை இழுத்தால் முழுச் சேலையும் வரும். அவர் பிறகு வேறு இடத்தில் கட்டி, நன்றாக இருக்கிறார். ஆக, நானும் கொடுத்திருக்கிறேன், இலவசமாக ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்படி நினைக்கும்போதே எனக்குள் ஒருத்தி சிரிக்கிறாள். கொடுத்தது உன் பொருள், எடுத்தது அடுத்தவள் பிள்ளை என்கிறாள்.

"முறுக்கு வேணுமாம்மா? காது அடைக்குதுன்னா எதையாவது மென்னுக்கிட்டே இருக்கணுமாம்." நிரோ பையைப் பிரித்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வாயில் முறுக்கு இருக்கும்போது எப்படிச் சொல்வது, அதைத் தின்று முடித்துவிட்டுச் சொல்வோம். பார், இதுதான் நான். எப்போதும் ஒரு முறுக்கு இருக்கும். பள்ளிக்கூடம் சேரட்டும், பிறகு சொல்வோம். பெரியபிள்ளை ஆகட்டும், அப்போதுதான் விளங்கும். பெரியபிள்ளை ஆனாளே, அந்தச் சடங்கில் அக்கா ஆள்மூலம் அனுப்பிய தோட்டைப் போட்டுக்கொண்டு, பெரியம்மாவுக்கு நல்ல ரசனை என்றாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சடங்கு வீட்டில் அழுகை எதற்கு என்று விட்டேன். இரண்டாயிரத்து இரண்டில் அங்கே சண்டை நின்று பாதை திறந்தது. அக்கா எழுதினாள், பாதை திறந்திருக்குது, பிள்ளையை ஒருக்கா அனுப்பு, அல்லது நான் வந்து பார்க்கட்டுமா என்று. நான் என்ன எழுதினேன்? பத்தாம் வகுப்புச் சோதினை வருகுது, இப்ப வந்தா பிள்ளை குழம்பிப்போவாள், முடியட்டும். முடிந்தது. பிறகு பிளஸ் டூ. பிறகு காலேஜ். அக்கா ஒவ்வொரு தடவையும் சரி என்றே எழுதினாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். பிறகு யுத்தம் திரும்பத் தொடங்கிப் பாதை மூடியது. வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்டு முகாம் முழுக்கத் தலையில் கைவைத்து இருந்தது. நானும் வைத்தேன். உள்ளே எனக்கு ஆறுதலாக இருந்தது. யுத்தம் தொடங்கியதில் ஆறுதல் பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்கே என்னை அருவருத்தது. இருந்தும் அன்றைக்கு நிம்மதியாகத்தான் சாப்பிட்டேன்.

இரண்டு பத்து. கடல் வந்துவிட்டது. நிரோ என் தோளைத் தட்டி ஜன்னலைக் காட்டினாள், "அம்மா, கடல்." நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் அசையாமல் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் இது ஒன்றுமேயில்லை. பதினொரு மணி நேரம் நான் இதில் பட்ட பாட்டை இந்த விமானம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தாண்டிவிடும். அதுதான் எனக்குக் கோபமாக இருக்கிறது. இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு நான் தூரம் தூரம் என்று சொல்லியிருக்கிறேன். போன தைமாதம் அக்காவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. அவள் சொல்லவில்லை, ஊர்க்காரி ஒருத்தி போனில் சொன்னாள். கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது? செத்திருந்தால் சொல்லவே தேவையில்லாமல் போயிருக்கும். ஒரு நிமிடம்தான். உடனே பதறி, அரிசி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, எங்கள் வரிசையில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவரிடம் போய், ஊருக்குத் திரும்ப என்ன என்ன தாள் வேண்டும் என்று கேட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான் இந்த விமானத்தில் இருக்கிறேன். எல்லாம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. தாள்களில் எங்கே எங்கே கையெழுத்து என்று நிரோ கேட்டாள், காட்டினேன், போட்டாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழ் மடித்த மடிப்பில் என் கைப்பையில் இருக்கிறது. அதில் தாயின் பெயர் தவமலர், என் அக்கா. அதை எடுத்து நீட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அப்படிச் செய்யமாட்டேன். தாளைக் காட்டிச் சொல்வது தாளின் பின்னால் ஒளிவது. ஒரு தாளில் தொடங்கிய பொய், இதையாவது வாயால் சொல்ல வேண்டும். நேற்று அக்காவோடு பேசினேன். நான் எவ்வளவோ நேரம் மழுப்பிவிட்டுக் கடைசியாக, இன்னும் அவளிடம் சொல்லவில்லை அக்கா என்றேன். அவள் கோபிக்கவில்லை. "நீ சொல்லாட்டி நான் சொல்லமாட்டன் கௌரி. ஆனா பிள்ளை வாசலால வரேக்க என்ர முகம் காட்டிக் குடுத்திடும். அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. நிரோ அதை ஒரு முகத்திலிருந்து தெரிந்துகொண்டு, பிறகு என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் முந்திக்கொள்ள வேண்டும். ஆக, இதுவும் எனக்காகத்தான். இருக்கட்டும், எனக்காக என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விசிறியின் சத்தம் மாறியது. காது இரண்டும் அடைத்தன. இரண்டு இருபத்தேழு. இறங்கத் தொடங்கிவிட்டோம் என்று பணிப்பெண் சொன்னாள். மிச்சம் எட்டு நிமிடம். ஐம்பத்தைந்தில் நாற்பத்தேழைத் தின்றுவிட்டேன், கையில் இன்னும் அந்த முறுக்கில் பாதி. அதை முன் இருக்கையின் பைக்குள் திணித்தேன். முன்னுரை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நல்லதுதான். அவள் கையைப் பிடித்தேன். "நிரோ, பெரியம்மா உன்ர பெரியம்மா இல்லை. அவதான் உன்னைப் பெத்தவ. நான் சின்னம்மா." சொல்லிவிட்டேன். அவள் காதைத் தேய்த்துக்கொண்டு, "என்னம்மா? காது அடைச்சிருக்கு, ஒண்ணும் கேக்கல" என்றாள். கடவுளே, இன்னொரு தடவையா. இப்போதுகூட ஒன்றுமில்லை என்று சொல்லலாம். முறுக்கு நல்லா இருந்தது என்று சொல்லலாம். இல்லை. விசிறியின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, சொல் சொல்லாகச் சொன்னேன். "உன்னைப் பெத்தது நான் இல்லை. தவமலர் அக்கா. நான் உன்ர சின்னம்மா." முன்வரிசை மனிதர் பாதி திரும்பிவிட்டு உடனே நேரே பார்த்துக்கொண்டார். நிரோவின் கை என் கைக்குள்தான் இருந்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. அதன் பாரத்தை நான்தான் தாங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா?" என்றாள். "அப்பா அப்பாதான். அதில பொய் இல்லை. எனக்கு அவர் அத்தான்." அவள் தலையை ஆட்டினாள். ரத்தத்தில் என்ன வந்திருக்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்வாளே, அந்தக் குரலில் அடுத்ததைக் கேட்டாள். "எப்ப சொல்லணும்னு நெனச்சிருந்தீங்க?" "இறங்க முன்னம்." "இறங்க எவ்வளவு நேரம் இருக்கு?" என் மணிக்கட்டைத் திருப்பி அவளே பார்த்தாள். "உங்களுக்கு முப்பத்தஞ்சு வருஷம். எனக்கு ஏழு நிமிஷமா?" அதில் கோபம் இருந்திருந்தால் பிடித்துத் தொங்கியிருப்பேன். இல்லை. இதை நான் யோசிக்கவேயில்லை, சத்தியமாக யோசிக்கவேயில்லை. எனக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்றே வழிமுழுக்கக் கணக்குப் பார்த்தேன். அவளுக்கும் நேரம் வேண்டும் என்பது என் தலைக்குள் வரவில்லை. ஜன்னலில் தரை தெரிந்தது, சிவப்பு மண், பனை, தகரக் கூரைகள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "என்னைக் கொண்டுவந்தப்போ நான் அழுதேனா?" இதுதான். பிறகு பிறகு என்று நான் தள்ளி வைத்த அந்த ஒன்றை அவளே எடுத்துவிட்டாள். இல்லை, நித்திரையாக இருந்தாய் என்று சொன்னால் இரண்டு பேருக்கும் நன்றாக இருக்கும். அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது? "அழுதனி," என்றேன். "படகெல்லாம் அழுதனி. கரையில பதிவு மேசைக்கு முன்னால நிக்கேக்க, கடலைப் பாத்து அம்மா அம்மா எண்டு கத்தினனி. பேர் எழுதினவர் நிமிந்து பாத்து, உன்னைத்தானே கூப்பிடுது, தூக்கம்மா எண்டார். நான் தூக்கினன். நீ அக்காவைக் கூப்பிட்டதை நான் எனக்கெண்டு எடுத்துக்கொண்டன்." சக்கரம் தரையில் இடித்தது. எல்லோரும் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தோம். நிரோவின் கை எப்போது போனது என்று தெரியவில்லை, அவள் மடியில் இருந்தது.

விமானம் நின்றதும் எழுந்தவர்கள் எல்லாம் மேலே இருந்த பைகளை இழுத்தார்கள். நிரோ எழவில்லை. கடைசி ஆளும் போன பிறகு எழுந்து, இரண்டு பைகளையும் அவளே எடுத்துக்கொண்டு, படியில் எனக்கு முன்னால் இறங்கினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. கடவுச்சீட்டு வரிசையிலும் அவள் முன்னால், நான் பின்னால். அவள் கழுத்தின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அதைத் தேய்த்துக் குளிப்பாட்டியவள் நான்தான், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதை வைத்து வாதாடக்கூடாது. பெட்டிகள் வருகிற இடத்தில் அவள் நின்றாள். என் பையை என் காலடியில் வைத்தாள். "நான் முன்னாடி போறேன். அவங்கள தனியாப் பாக்கணும். நீங்க கொஞ்சம் கழிச்சு வாங்க," என்றாள். அம்மா என்று சொல்லவில்லை. கவனித்தேன். சின்னம்மா என்றும் சொல்லவில்லை. "எவ்வளவு நேரம் கழிச்சு?" என்று கேட்டேன். "தெரியல," என்றாள். கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று இங்கிருந்து தெரியாது, எட்டிப் பார்த்தால் தெரியலாம். நான் எட்டிப் பார்க்கவில்லை. சுவரோடு இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். ஓடிப்போய் நடுவில் நிற்க வேண்டும், அக்காவின் காலைப் பிடிக்க வேண்டும், நிரோவின் கையைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. இருந்தேன். பெட்டிகள் எல்லாம் போய், ஓடுகிற பட்டியையும் நிறுத்திவிட்டார்கள். சீருடை போட்ட ஒரு பெண் தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டு என் பக்கம் வந்து, "என்ன அன்ரி, கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் வரேல்லையோ?" என்று கேட்டாள்.

"வந்திருக்கினம், பிள்ளை. வெளியில தாயும் மகளும் கதைக்கினம். ஆறுதலாக் கதைச்சு முடிக்கட்டும்."